ஆறு முகங்களையும் ஒரே தாளில்: கியூபிசம் பிறந்த கதை

சோப்பு வாங்கும்போது வரும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை முகங்கள்? ஆறு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இப்போது பெட்டியை அசைக்காமல், தலையையும் அசைக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். எத்தனை முகங்கள் தெரிகின்றன? ஒன்று தெரியலாம், இரண்டு தெரியலாம், மிஞ்சினால் மூன்று. நான்காவது முகம் தெரியவே தெரியாது.

இதற்குக் காரணம் எளியது. பெட்டியின் ஆறு முகங்களும் மூன்று இணைகளாக அமைந்துள்ளன: மேல்–கீழ், முன்–பின், இடம்–வலம். ஓர் இணையில் ஒரு முகம் நம் பக்கம் திரும்பியிருந்தால் மற்றது நமக்குப் புறங்காட்டி நிற்கும். ஆகவே ஓரிணைக்கு ஒன்று வீதம் மூன்று முகங்களுக்கு மேல் ஓரிடத்திலிருந்து காண இயலாது.

ஆயினும் பெட்டிக்கு ஆறு முகங்கள் என்று நமக்குத் தெரியும். அப்படியானால் பெட்டியின் படத்தை வரையும்போது கண்ணுக்குத் தெரியும் மூன்றை மட்டும் வரைவதா, அறிவுக்குத் தெரியும் ஆறையும் வரைவதா? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓவிய உலகையே புரட்டிப்போட்ட கேள்வி இது. அதற்கு விடை தேடி எழுந்த ஓவிய முறையே கியூபிசம். 'கியூப்' என்றால் கனசதுரம். எனவே இதைக் கனசதுர ஓவிய முறை என்று தமிழில் சொல்லலாம். "மூக்கு ஓரிடம், கண் ஓரிடம், இதெல்லாம் ஒரு படமா?" என்று பலர் நகைக்கும் இந்த ஓவியங்களின் வரலாற்றை, வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் எடுத்துச் சொல்லும் விதத்தில், படிப்படியாகப் பார்ப்போம்.

இராயபுரத்துத் தண்டவாளம்

தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் இராயபுரத்தில் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கு நடைமேடையின் ஓரத்தில் நின்று தண்டவாளத்தை நெடுக நோக்கினால், இரண்டு தண்டவாளங்களும் தொலைவில் நெருங்கி நெருங்கி ஒரு புள்ளியில் சேர்ந்துவிடுவதுபோல் தோன்றும். உண்மையில் அவை சேர்வதில்லை. சேர்ந்தால் இரயில் ஓடாது!

இந்தத் தோற்றத்தை அளந்து, கணக்கிட்டு, படத்தில் அமைக்கும் முறையை இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் 15-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தனர். கட்டடக் கலைஞர் புரூனெல்லஸ்கி அதைச் செய்து காட்டினார். 1435-இல் அல்பெர்ட்டி என்பவர் அதன் விதிகளை நூலாக எழுதினார். அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியுமாறு, எல்லாக் கோடுகளையும் ஒரு புள்ளியை நோக்கிச் செலுத்துவதே அந்த முறை. தமிழில் இதை இயலுறு தோற்றம் என்பர். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய ஓவியம் இந்த விதியைப் பிடித்துக்கொண்டே நடந்தது. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் 1850-இல் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, அந்த வரைமுறை நம் ஊருக்கும் பாடமாக வந்து சேர்ந்தது.

இந்த விதியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பார்ப்பவர் ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்கவும் வேண்டும். நாம் அப்படியா பார்க்கிறோம்? நமக்கு இரண்டு கண்கள். அவற்றுக்கு இடையே சுமார் ஆறு சென்டிமீட்டர் தொலைவு. இரண்டும் சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகளைக் காண்கின்றன. போதாக்குறைக்கு நம் விழிகள் ஒரு வினாடிக்கு இரண்டு மூன்று முறை இடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துண்டுக் காட்சிகளையெல்லாம் மூளைதான் ஒன்றுசேர்த்து, 'இதோ ஒரு பெட்டி' என்று நமக்குச் சொல்கிறது. ஆகவே இயலுறு தோற்றம் என்பது பார்வையைப் பற்றிய ஓர் உண்மை. முழு உண்மை அன்று.

சிவப்பு மையும் நீல வரைபடமும்

நான்கைந்து வயதுக் குழந்தையிடம் ஒரு மேசையை வரையச் சொல்லுங்கள். மேற்பலகையை முழுச் செவ்வகமாக, மேலிருந்து பார்ப்பதுபோல் வரையும். பிறகு நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு கால்களை வெளிப்பக்கமாக இழுத்து நீட்டிவிடும். பல்லி ஒன்றைத் தரையில் அறைந்து வைத்ததுபோல் மேசை தோன்றும். பெரியவர்கள் சிரிப்பார்கள். பள்ளியிலோ அதன்மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழும்.

ஆனால் அந்தக் குழந்தை சொல்ல வந்தது என்ன? "மேசைக்கு நான்கு மூலை உண்டு; நான்கு கால் உண்டு; ஒன்றைக்கூட நான் விடவில்லை." இதில் பொய் ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைவிட, தனக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைந்திருக்கிறது, அவ்வளவே.

இதே வேலையைப் பெரியவர்களும் செய்கிறார்கள். அதற்குச் சம்பளமும் பெறுகிறார்கள்! காலடிப்பேட்டையிலிருந்து வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை நெடுஞ்சாலையோரம் தொழிற்சாலைகள் எழுந்த கதையை நீங்கள் அறிவீர்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலை அவற்றுள் ஒன்று. இத்தகைய ஆலைகளில் ஓர் உதிரிப்பாகம் செய்ய வேண்டுமானால், பிட்டர் அல்லது டர்னர் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஒரு வரைபடம். அதில் ஒரே பொருள் மூன்று முறை வரையப்பட்டிருக்கும்: முன்னிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து. ஐ.டி.ஐ. மாணவர்கள் கற்கும் இந்த முறையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்குபடுத்தி வகுத்தவர் காஸ்பார் மோன்ழ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். ஒரு பார்வையை மட்டும் நம்பி ஒரு பாகத்தைக் கடைந்தெடுக்க முடியாது. ஆகவே தொழிற்சாலையில் ஒரு பொருளின் உண்மை என்பது குறைந்தது இரண்டு மூன்று பார்வைகளின் கூட்டு.

பொறியாளர் மூன்று பார்வைகளையும் தனித்தனியே பிரித்து, அளவு குறித்து வைக்கிறார். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அளவுகளை மறந்து, வெளிச்சமும் நிழலும் சேர்த்து ஒரே படமாக்கினால்? அதைத்தான் பாரிஸ் நகரில் இரண்டு இளைஞர்கள் செய்தார்கள்.

கயிறு கட்டி மலையேறிய இருவர்

பாப்லோ பிக்காசோ 1881-இல் ஸ்பெயின் நாட்டின் மாலகா நகரில் பிறந்தார். அவர் தந்தை ஓவிய ஆசிரியர். ழார்ழ் பிராக் 1882-இல் பிரான்சில் பிறந்து, லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகரில் வளர்ந்தார். பிராக்கின் தந்தையும் பாட்டனாரும் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் செய்தவர்கள். சாதாரணப் பலகையின்மேல் வண்ணம் பூசி, சீப்பால் இழுத்து, தேக்கு மரம்போல் காட்டும் வித்தையை இளமையிலேயே அவர் கற்றிருந்தார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

இவ்விருவருக்கும் முன்னோடி ஒருவர் இருந்தார். அவர் பெயர் செசான். 1906-இல் காலமான அவர், இயற்கையிலுள்ளவற்றை உருளை, கோளம், கூம்பு ஆகிய வடிவங்களாகக் கண்டு வரையவேண்டும் என்று ஓர் இளம் ஓவியருக்கு 1904-இல் எழுதியிருந்தார். மறு ஆண்டு, 1907-இல், செசானின் படங்கள் பாரிசில் பெருந்தொகையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில் பாரிசிலிருந்த ஒரு மானிடவியல் காட்சிசாலையில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பிக்காசோ கண்டார். காலனி ஆட்சியின் மூலம் ஐரோப்பாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 'காட்டு மக்களின் பொருள்கள்' என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவை அவை. முகத்தை அப்படியே நகல் எடுக்காமலே முகத்தின் வலிமையைக் காட்ட முடியும் என்பதை அந்தச் சிற்பிகள் எப்போதோ அறிந்திருந்தனர்.

1907-இல் பிக்காசோ எட்டடி உயரத் துணியில் ஐந்து பெண்களின் உருவங்களைத் தீட்டினார். 'அவின்யோன் நங்கையர்' என்பது அதன் பெயர். அதில் குந்தியிருக்கும் ஒருத்தியின் முதுகும் நம் பக்கம் இருக்கிறது. முகமும் நம் பக்கமே இருக்கிறது! நண்பர்களே அதைக் கண்டு திகைத்தனர். 1916 வரை அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

மறு ஆண்டு பிராக் தென் பிரான்சின் ஒரு சிற்றூரை வரைந்தார். வீடுகளுக்குக் கதவும் இல்லை, சன்னலும் இல்லை. துறைமுகத்தில் அடுக்கிய சரக்குப் பெட்டிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின்மேல் இருபதடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட கன்டெய்னர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் படம் அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. ஆனால் 1908-இல் பாரிசின் கலைக்காட்சித் தேர்வுக்குழு அப்படங்களைத் திருப்பி அனுப்பியது. கான்வைலர் என்ற இளம் வணிகர் தம் சிறிய கடையில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். அதைப் பார்த்த திறனாய்வாளர் லூயி வோசெல், 'இவர் எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார்' என்ற பொருளில் எழுதினார். கேலியாகச் சொன்ன சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

1909 முதல் 1914 வரை பிக்காசோவும் பிராக்கும் ஒருவர் படத்தை ஒருவர் அன்றாடம் பார்த்து, பேசி, வாதிட்டு வேலை செய்தனர். ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு மலையேறும் இருவரைப்போல் அந்நாளில் நாங்கள் இருந்தோம் என்று பிற்காலத்தில் பிராக் கூறினார். இந்தக் காலத்தை இரண்டு கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம்.

முதற்கட்டம், பிரித்துப் பார்த்த காலம். ஒரு வயலினையோ மனிதரையோ பல பக்கங்களிலிருந்து பார்த்து, அந்தப் பார்வைகளைச் சிறு சிறு தளங்களாக உடைத்து, ஒரே துணியில் அடுக்கினர். பிக்காசோ 1910-இல் வரைந்த கான்வைலரின் உருவப்படத்தில் சற்று நேரம் தேடினால்தான் மூக்கும், தலைமுடியும், கோத்த கைகளும் அகப்படும். வண்ணங்களைக்கூடப் பழுப்பு, சாம்பல் என்று குறைத்துவிட்டார்கள். வடிவத்தை ஆராயும்போது வண்ணம் குறுக்கே வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

இரண்டாம் கட்டம், ஒட்டிச் சேர்த்த காலம். 1912-இல் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டு ஒன்றை அப்படியே படத்தில் ஒட்டி, படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைக் கட்டினார். அதே ஆண்டு பிராக், மரம்போல் அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். வீட்டுக்கு வண்ணம் பூசும் தொழிலில் கற்ற வித்தை உயர்ந்த ஓவியத்துக்குள் நுழைந்துவிட்டது! செய்தித்தாள் துண்டு, விளம்பர எழுத்து, பாட்டில் சீட்டு எல்லாம் படத்தில் இடம் பெற்றன. 'இது ஒரு சன்னல்; இதன் வழியே உலகைப் பாருங்கள்' என்று பழைய ஓவியம் சொன்னது. 'இது ஒரு பலகை. இதில் உலகத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள்' என்று புதிய ஓவியம் சொன்னது.

குழந்தைகளுடன் செய்து பாருங்கள்

இதைச் சிறுவர்களுக்கு விளக்க ஒரு கண்ணாடித் தேநீர் டம்ளர் போதும்.

முதலில் டம்ளரைக் கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். மேலே அகன்றும் கீழே சற்றுக் குறுகியும் ஓர் உருவம் தெரியும். அதைத் தாளில் வரைந்து வெட்டி எடுக்கட்டும். அடுத்து, எழுந்து நின்று நேர் மேலேயிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்போது தெரிவது ஒரு வட்டம். அதையும் வரைந்து வெட்டட்டும். மூன்றாவதாக, டம்ளர் வழியே அதன் பின்னால் இருக்கும் செய்தித்தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துக்கள் வளைந்தும் உடைந்தும் தெரியும். செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளட்டும்.

இனி மூன்றையும் ஒரே அட்டையில், ஒன்றின்மேல் ஒன்று சிறிது படியுமாறு அவர்கள் விருப்பப்படி ஒட்டச் சொல்லுங்கள். "இதில் எது டம்ளர்?" என்று கேட்டுப்பாருங்கள். "எல்லாமே டம்ளர்தான்" என்று ஏதாவது ஒரு குழந்தை சொல்லும். அந்தக் குழந்தைக்குக் கியூபிசம் புரிந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. கோணல்மாணலாக எதை வரைந்தாலும் கியூபிசம் ஆகிவிடாது. ஒவ்வொரு துண்டும் உண்மையில் பார்த்த ஒரு பார்வையாக இருக்கவேண்டும். பார்க்காமல் வரைந்த கோணல் வெறும் கோணலே.

ஐன்ஸ்டைனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஐன்ஸ்டைன் சிறப்புச் சார்பியல் கொள்கையை வெளியிட்ட ஆண்டு 1905. கியூபிசம் தோன்றியது 1907-இல். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சில நூல்களில் படிக்கலாம். அது பொருந்தாது. அந்நாளில் ஐன்ஸ்டைனின் கட்டுரையை இயற்பியலாளர்களிலேயே மிகச் சிலர்தான் படித்திருந்தனர். ஆனால் இன்னொரு தொடர்பு உண்டு. மொரீஸ் பிரின்சே என்ற காப்பீட்டுக் கணக்கர், இந்த ஓவியர் கூட்டத்தின் நண்பர். நான்கு பரிமாண வடிவியல் பற்றி அவர்களிடம் ஆர்வத்துடன் பேசுவார். கணித அறிஞர் புவான்காரே 1902-இல் எழுதிய அறிவியல் நூலும் அப்போது பாரிசில் பலரால் படிக்கப்பட்டது. இவையெல்லாம் அந்நகரத்தின் காற்றில் இருந்தன. ஆயினும் கணிதம் முதலியவற்றைக் கொண்டு கியூபிசத்தை விளக்குவதைப் பிக்காசோ 1923-இல் ஒரு பேட்டியில் மறுத்துவிட்டார். அறிவியலும் கலையும் ஒரே காலத்தில் ஒரே கேள்வியைக் கேட்கலாம். அதனால் ஒன்று மற்றதன் நகல் என்று ஆகிவிடாது.

இதே எச்சரிக்கை நமக்கும் தேவை. சோழர் காலச் சிவன் கோயில்களில் கருவறையின் வடபுற மாடத்தில் நான்முகனைக் காணலாம். பெயர் நான்முகன், கண்ணுக்குத் தெரிவது மூன்று முகங்களே. நான்காவது முகம் பின்புறம் இருப்பதாக நாம் ஏற்றுக்கொள்கிறோம். பழைய இந்தியச் சிற்றோவியங்களிலோ கம்பளம் மேலிருந்து பார்த்ததுபோலவும், அதன்மேல் அமர்ந்திருப்பவர் பக்கத்திலிருந்து பார்த்ததுபோலவும் இருப்பர். ஆகவே 'கியூபிசத்தை நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம்' என்று சிலர் பெருமை பேசுவர். அது சரியன்று. நம் சிற்பிகளின் நோக்கம் வேறு. பாரிஸ் ஓவியர்களின் நோக்கம் வேறு. பல பார்வைகளை ஒரே படத்தில் ஏற்பது நம் கண்களுக்குப் பழகிய ஒன்று என்று மட்டும் சொல்லலாம்.

கல்கத்தாவில் ஒரு கியூபிஸ்ட்

1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஓர் ஓவியக் காட்சி நடந்தது. கீழ்த்திசைக் கலைக்கான இந்தியச் சங்கம் நடத்திய அக்காட்சியில், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கண்டின்ஸ்கி, பால் கிளே முதலியோரின் படங்கள் இடம்பெற்றன. அவற்றுடன் ஓர் இந்தியரின் கியூபிசப் படங்களும் தொங்கின. அவர் ககனேந்திரநாத் தாகூர் (1867–1938). கவி ரவீந்திரநாதருக்கு அண்ணன் மகன் முறை.

சமூகத்தின் போலித்தனத்தைக் கேலிச்சித்திரங்களால் சாடிவந்த ககனேந்திரநாத், ஐம்பது வயதைக் கடந்தபின் இந்தப் புதிய முறையைக் கையில் எடுத்தார். ஆனால் பாரிஸ்காரர்களைப்போல் பாட்டிலையும் கிடாரையும் அவர் உடைக்கவில்லை. படிக்கட்டுகள், வாயில்கள், இருண்ட கூடங்கள், கதைகளில் வரும் நகரங்கள் ஆகியவற்றை ஒளித் துண்டுகளால் கட்டினார். நாடக மேடையின் விளக்கொளியை நன்கறிந்தவர் அவர். அவர் படங்களில் ஒளி பட்டகத்தின் வழியே வந்ததுபோல் சிதறி விழுகிறது. பாரிசில் வடிவத்தை ஆராயப் பயன்பட்ட கருவி, கல்கத்தாவில் கனவைச் சொல்லப் பயன்பட்டது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற கலை வரலாற்றறிஞர் 1922-லேயே அவரை 'இந்தியக் கியூபிஸ்ட்' என்று அழைத்துக் கட்டுரை எழுதினார்.

ஆனால் 1959-இல் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலத் திறனாய்வாளர், இவை ஐரோப்பியக் கியூபிசத்தின் வலுவற்ற போலிகள் என்று தம் நூலில் ஒதுக்கினார். அந்தத் தீர்ப்பு நெடுங்காலம் மாணவர்களுக்குப் பாடமாக நின்றது. 2007-இல் பார்த்தா மித்தர் என்ற வரலாற்றறிஞர் அதை எதிர்த்து எழுதினார். ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து பிக்காசோ எடுத்துக்கொண்டால் அது மேதைமை. பிக்காசோவிடமிருந்து ஓர் இந்தியர் எடுத்துக்கொண்டால் அது நகலா? இது என்ன நியாயம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

இந்தக் கேள்விக்குக் காலடிப்பேட்டையே ஒரு சாட்சி சொல்லும். ஊரின் பெயர் ஏதோ காலடியைக் குறிப்பதுபோல் இருந்தாலும், அது 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரால் அமைந்த 'காலெட் பேட்டை'. நெசவாளர்களைக் குடியமர்த்திக் கம்பெனியின் துணி வாணிகத்துக்காக உருவாக்கப்பட்ட ஊர் இது. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயமிட்டு, சித்திரம் தீட்டிய பருத்தித் துணிகளுக்கு அக்கால ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. அங்குள்ள அச்சுத் தொழிலாளர்கள் அந்தப் பூக்களையும் கொடிகளையும் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். தம் நாட்டுத் தொழிலைக் காக்க, பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை சித்திரத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721-இல் கடுமையான சட்டம் இயற்றியது. ஆயினும் அந்த வடிவங்கள் ஐரோப்பிய வீடுகளில் நிலைத்துவிட்டன. அதை யாரும் 'வலுவற்ற போலி' என்று எழுதவில்லை. ஐரோப்பியத் துணிக்கலை என்றே எழுதினார்கள். கப்பலில் துணி போகலாம், கருத்தும் வரலாம். எடுத்துக்கொண்டதா, இல்லையா என்பதை விட்டு, எடுத்துக்கொண்டதைக் கொண்டு என்ன செய்தார் என்று கேட்பதே சரியான கேள்வி.

சென்னையில் கேட்ட கேள்வி

அந்தக் கேள்வியைச் சென்னையில் ஆழமாகக் கேட்டவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை அரசு கலைப்பள்ளியில் பயின்று, 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக இருந்தவர். மேற்கத்திய முறைகளையெல்லாம் அறிந்தவர். அவற்றை அப்படியே வரைவதில் நிறைவு காணாமல், நம் மண்ணுக்குரிய ஒரு வழியைத் தேடினார். 1963 அளவில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் எண்களும், எழுத்துக்களும், வடிவியல் கோடுகளும் நிரம்பிய பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரு பக்கமே ஓவியமாக நிற்கிறதே என்று வியந்தார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவியவரிசை அதிலிருந்து பிறந்தது. சாதகக் கட்டம்போன்ற கட்டங்கள், படிக்க முடியாத எழுத்துக்கள், மீன், பறவை எல்லாம் அவற்றில் உண்டு. இது கியூபிசம் அன்று. ஆனால் படம் என்பது சன்னல் அல்ல, எழுதப்பட்ட பலகை என்று 1912-இல் பாரிசில் சொன்னதை, நம் மொழியில் நம் குறிகளால் அவர் சொன்னார்.

1966-இல் அவரும் இளம் ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பிழைப்புக்கு அவர்கள் கையில் எடுத்த தொழில்களுள் ஒன்று என்ன தெரியுமா? துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் வேலை! அங்குள்ள ஓவியக் கூடத்தில் சென்னை இயக்கத்தினரின் படைப்புகளை இன்றும் காணலாம்.

ஓர் இரவும் ஓர் ஓவியமும்

"அழகான பொருளை உடைத்துக் காட்டுவானேன்?" என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. பிராக் போர்முனைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு தலையில் கடுங்காயம் அடைந்தார். மலையேறிய கயிறு அத்துடன் அறுந்தது. அதே போர், இரண்டு மாதங்களுக்குள் நம் துறைமுகத்துக்கும் வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.

அந்த இரவை எப்படி வரைவது? கடலிலிருந்து பார்த்தால் சிறு நெருப்புப் புள்ளி. இராயபுரக் கரையிலிருந்து பார்த்தால் வானமே சிவப்பு. கதவைத் தாழிட்டு வீட்டுக்குள் இருந்தவருக்கு ஓசையும், அதிரும் சுவரும், அழும் குழந்தையும். ஒரே இடத்தில் நிற்கும் புகைப்படக் கருவி இவற்றில் ஒன்றைத்தான் தரும். மூன்றையும் ஒரே பரப்பில் வைக்க வேண்டுமானால் பார்வையை உடைத்துத்தான் ஆகவேண்டும்.

பிக்காசோவுக்கு இப்படி ஒரு வேளை 1937-இல் வந்தது. ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவர்னிக்கா நகரத்தின்மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. ஐந்தே வாரங்களில் அவர் தீட்டிய 'குவர்னிக்கா' ஓவியம் ஏறத்தாழ 25 அடி நீளமும் 11 அடி உயரமும் உடையது. வீட்டின் உள்ளும் புறமும் அதில் ஒன்றாகத் தெரிகின்றன. இறந்த குழந்தையை ஏந்திய தாயின் முகம் வானை நோக்கி அண்ணாந்திருக்க, இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் கண்களைக் கண்டு யாரும் நகைப்பதில்லை. உடைந்த நகரத்தை உடைந்த வடிவங்களால்தான் சொல்ல முடிந்தது.

ஆகவே, நண்பர்களே, அடுத்தமுறை ஒரு குழந்தை கால் பரப்பிய மேசையையோ, ஒரு பக்கத்தில் இரு கண்ணுள்ள மீனையோ வரைந்து கொண்டுவந்தால், உடனே திருத்தாதீர்கள். "இதை எங்கே நின்று பார்த்தாய்? வேறு எங்கிருந்தும் பார்த்தாயா?" என்று முதலில் கேளுங்கள். இயலுறு தோற்றத்தின் விதிகளை அந்தக் குழந்தை பிறகு கட்டாயம் கற்கத்தான் வேண்டும். தண்டவாளம் ஏன் தொலைவில் சேர்வதுபோல் தெரிகிறது என்பதும் அறிவுதான். ஆனால் தண்டவாளம் உண்மையில் சேர்வதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.